‘நிறுத்து’ கருவிக்கு நான் எழுதிய விளக்கம்

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முந்திய குத்பா பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது என் சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. ஒரு தரம். கொஞ்சம் விட்டு இன்னொரு தரம். மூன்றாவது தரம் அதிர்ந்தபோது நெஞ்செலும்பில் யாரோ விரலால் தட்டியதுபோல இருந்தது. இமாம் மிம்பர் மேடையில் நிற்கையில் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து ‘பேசாதே’ என்று சொல்வதுகூடக் கூடாது என்று பழகிய உடம்பு; கை பைக்குப் போகவில்லை. மேலே விசிறிகள் சுற்றின. காதுக்குப் பின்னால் வியர்வை இறங்கியது. அழைப்பது ராத்தா, என் மூத்த சகோதரி, என்று பார்க்காமலே தெரிந்தது. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் எந்த ஆணையும் அழைப்பதில்லை. அழைத்தால் ஒன்று மௌத்துச் செய்தி, இல்லாவிட்டால் நெருப்பு.

சாய்ந்தமருதில், ராத்தாவின் வீட்டுப் பின்னறையில், இருபத்தொரு நாளில் பொரிக்க வேண்டிய முந்நூறு முட்டைகள் பதினெட்டாம் நாளில் இருந்தன.

குஞ்சு பொரிக்கும் மெஷின் ஒன்றை ராத்தா வைத்திருக்கிறார். ஆள் உயரப் பெட்டி, உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள், ஒரு ஹீட்டர், ஒரு விசிறி. நான்கு வருடங்களாகத் தன் கோழிகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவர் அவர். கோடையிலும் முட்டை குறையாத பேடு, கீரியைக் கண்டால் ஓடாமல் எதிர்த்து நிற்கிற பேடு, கழுத்தில் செம்மண் பூசினதுபோல நிறம் இறங்கிய சேவல். இந்த முறை முட்டைகளை அடுக்கி ஆறாம் நாள் கூட்டில் நோய் விழுந்தது. நான்கே நாட்களில் கூடு காலி. சேவலும் போனது. அந்த இனத்தில் உலகத்தில் மிச்சம் என்று இருந்தது பெட்டிக்குள் இருந்த முந்நூறு மட்டும். ராத்தா இதைப் பற்றி அழவில்லை. வெறுங்கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கதவைத் திறந்து வைத்திருந்தார். திறந்திருந்த அந்தக் கதவுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பதினான்காம் நாள் கரண்ட் போய் வந்தபோது மெஷின் எழும்பவில்லை. அதன் மூளை உள்ளங்கை அளவான ஒரு போர்ட். அதைச் செய்தவர்கள் கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் பல வருடங்கள். என் மனைவியின் தம்பியை, அதாவது என் மச்சானை, கூப்பிட்டோம். அவனுக்கும் நான் மச்சான்தான். கல்முனை பஸாரில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் அவனுடைய வேலைத்தளம். அரிசி ஆலை மெஷின்களின் போர்டுகளும், படகுகளின் ஆழம் பார்க்கும் கருவிகளும் அவன் மேசையில் வயிறு திறந்து கிடக்கும். அவன் வந்து அரை நாள் போராடி அதை எழுப்பினான். எழுப்பிவிட்டு என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“மச்சான், சிப்புக்குள்ள இரிக்கிற புரோகிராம் தேஞ்சு போகுது. ஓடிக்கிட்டு இரிக்கிற மட்டும் ஓடும். இன்னொரு தரம் நிண்டா எழும்புமெண்டு நான் பொறுப்பெடுக்க மாட்டன். அது நிக்க முந்தி உள்ள இரிக்கிறத மெல்ல மெல்லக் கொப்பி எடுக்கணும். எடுத்துட்டா புதுப் போர்டுல ஏத்தலாம்.”

கொப்பி எடுப்பதற்கு அவனிடம் ஒரு வழி இருந்தது. பெருவிரல் அளவான ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து நான்கு வயர்கள். வயர்களைப் போர்டில் கொழுவி, மறுமுனையை லப்டொப்பில் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் சிப்பின் உள்ளே போய்ப் பார்க்கலாம், நிறுத்தலாம், மீண்டும் ஓடவிடலாம். மணிக்கணக்காக இழுக்கும் வேலை அது. அவனுக்குப் பொத்துவில் தொடங்கி மருதமுனை வரைக்கும் வேலை. அதனால் பக்கத்தில் இருந்து பார்க்க ஒரு செயற்கை நுண்ணறிவு ஏஜென்டை வைத்திருந்தான்.

“ஏஜென்டா?” என்றார் ராத்தா. “எந்த நாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்ட்?”

“இது ஆள் அனுப்பாது ராத்தா. இஞ்சயே குந்தி வேல செய்யும்.”

“அப்ப நல்ல ஏஜென்ட்தான். பாஸ்போட்டையும் வாங்கி வைக்காது.”

அந்த ஏஜென்டுக்கு எழுதுகிறவன் நான்.

இது எப்படி நேர்ந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சரியாகப் பதில் சொன்னதில்லை. வசனமாக ஓடுகிற கவிதைகள் எழுதி, சிறுசஞ்சிகைகளில் போட்டு, ஐம்பதைத் தாண்டியும் ஓரிடத்தில் காலூன்றாமல் அலைகிறவன் நான். மச்சான்தான் ஒருநாள் வந்து கேட்டான். ஏஜென்ட் செய்யக்கூடிய ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அதைக் கருவி என்கிறார்கள். இணை, நிறுத்து, வாசி, தொடர், துண்டி. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒரு பத்தி. அந்தப் பத்தியை வாசித்துத்தான் எதை எப்போது தொடுவது என்று அது முடிவெடுக்கும். “தமிழ்ல எழுதுங்க மச்சான். அதுக்கும் விளங்கும், கடைக்கு வாற ஆக்களுக்கும் விளங்கும். நான் எழுதினா எனக்கே விளங்காது.”

முதலில் நான் எழுதிக்கொடுத்ததை இப்போது நினைத்தாலும் காது சூடாகும். ‘நிறுத்து: சிப்பின் மூச்சைப் பிடித்து, அதன் உள்ளத்தில் காது வைக்கும் கணம்.’ மச்சான் அதைச் சத்தமாக வாசித்தான். “இது என்ன, கலியாணக் கார்டா?” என்றான். “மச்சான், அதுக்குக் கண்ணில்ல. சூடு தெரியா, மணம் தெரியா. நீங்க எழுதினத விட்டா அதுக்கு இந்த உலகத்துல ஒண்டுமில்ல. எப்ப தொடணும், எப்ப தொடக்கூடா, தொட்டா என்ன நடக்கும், தொட்டுட்டு விட்டா என்ன நடக்கும். அவ்வளவுதான். அழகு வாணாம்.”

பழகினேன். அரிசி ஆலைக்கு எழுதினேன், படகுகளுக்கு எழுதினேன். கவிதையில் சொல்லாமல் விட்டால் வாசகன் வந்து நிரப்புவான். இங்கே விட்ட இடம் குழியாகவே கிடக்கும். மாதக் கணக்கில் எழுதியதில் அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் தவறினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராத்தாவின் மெஷினுக்கென்று ‘நிறுத்து’ விளக்கத்தைத் திருத்த வேண்டியிருந்தது. பதினாறாம் நாள் பின்னறையில், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் குந்தி எழுதி, எழுதியதை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன்.

“சிப்பை நிறுத்துகிறது. நிறுத்தியிருக்கும் வரைக்கும் சூட்டைக் கட்டுப்படுத்த யாருமில்லை. உடனே தொடர வைக்காவிட்டால் முட்டைகள் வெந்து குஞ்சுகள் செத்து—”

“தம்பி!” பெட்டிக்கு ஈரம் கொடுக்கும் தண்ணீர்ச் சட்டியோடு வந்த ராத்தா வாசலிலேயே நின்றுவிட்டார். “வாயக் கழுவுங்க. இந்த அறைக்குள்ள வந்தா என்ன கதைக்கிற?”

“நான் கதைக்கல்ல ராத்தா, எழுதியிரிக்கன்.”

“எழுதினாலும் ஒண்டுதான். மலக்குமார் ஆமீன் சொல்லிருவாங்க. அழிங்க அத.”

எங்கள் வீடுகளில் இது சிறு விஷயமில்லை. கெட்டதை வாயால் சொன்னால், அந்தக் கணத்தில் அவ்வழியே போகும் ஒரு மலக்கு, வானவர், ஆமீன் என்று சொல்லிவிடக்கூடும், சொன்னால் நடந்துவிடும். கடலுக்குப் போனவன் பிந்தினால், ‘இன்னும் வரல்ல’ என்பதோடு நிறுத்திக்கொள்வோம். ராத்தாவின் அறையில் மூன்று வாரத்துக்குச் சாவு என்ற சொல்லே கிடையாது. பொரியாத முட்டைக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘வராதது’. கூடு முழுவதும் வெறுமையான பிறகும், ‘கோழிகள் இல்லாமப் போச்சு’ என்றுதான் சொன்னார்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். அவனும் இந்த மண்ணில் பிறந்தவன். இதே உம்மாமார் வாயை அடக்கி வளர்த்தவன். “ராத்தா சொல்ற மாதிரி எழுதுங்க மச்சான், அதுக்கென்ன,” என்றான். அழித்தேன். இப்படி எழுதினேன்: ‘சிப்பை நிறுத்துகிறது. வாசித்து முடிந்ததும் தொடர விடுவது நல்லது.’

நல்லது. எங்கள் ஊரில் ஒரு பெரியவர், ‘வெள்ளனப் போனா நல்லம்’ என்றால், பிந்திப் போகிறவனுக்கு அங்கே வேலையில்லை என்று அர்த்தம். அதைவிடக் கடுமையாக யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அந்த வரியை வாசித்த மச்சானுக்கு அதன் கடுமை முழுவதும் கேட்டது. எனக்கும் கேட்டது. அதனால்தான் இருவருமே அதில் ஒரு குறையும் காணவில்லை. ராத்தா பிஸ்மில்லாஹ் சொல்லித் தண்ணீர்ச் சட்டியைப் பெட்டிக்குள் வைத்தார்.

பதினெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை பத்தரைக்கு வேலை தொடங்கியது. புரோகிராமின் ஒவ்வொரு துண்டுக்கும் சிப்பைச் சில விநாடிகள் நிறுத்த வேண்டும். துண்டைக் கொப்பி எடுக்க வேண்டும். ஓட விட வேண்டும். சூடு பழையபடி வர மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். நிறுத்து, வாசி, தொடர். நிறுத்து, வாசி, தொடர். ஹீட்டரை மூட்டி அணைக்கிற சுவிட்ச் உள்ளேயிருந்து ‘டிக்’ என்று சொல்வது ஒவ்வொரு முறையும் மீண்டும் கேட்டது. ஆறு துண்டு வரைக்கும் மச்சான் நின்று பார்த்தான்.

“சரி. இது தன்பாட்டுல போகும்,” என்றான். பொத்துவிலில் ஒரு தங்குவிடுதியின் சோலர் பெட்டி அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. போகும்போது ராத்தாவிடம் ஒன்று சொன்னான்: “ராத்தா, வயர் கொழுவி இரிக்கிற நேரம் ஒரு சுவிட்சையும் தொடாதீங்க. என்ன நடந்தாலும் கரண்ட நிப்பாட்டாதீங்க.”

பன்னிரண்டு மணிக்கு நானும் எழும்பி, கை கால் முகம் கழுவி ஒழு எடுத்து, பள்ளிவாசலுக்குப் போனேன்.

இரண்டு ரக்அத்தும் எப்படித் தொழுதேன் என்று அல்லாஹ்தான் அறிவான். முடிவில் ஸலாம் கொடுத்த கையோடு தொலைபேசியை எடுத்தேன். ராத்தாவின் குரல் பதிவு ஒன்று இருந்தது. மூச்சுக்குள் பேசியிருந்தார்.

“தம்பி, மெசின் டிக் எண்டுதில்ல. கனநேரமாச்சு. ஸ்க்ரீன்ல முப்பத்தேழு தசம் ஆறுதான் காட்டுது, சரியாத்தான் இரிக்கி. ஆனா கதவுப் பிடி சுடுது. நான் ஒண்டையும் தொடல்ல.”

செருப்பைத் தேடவில்லை. மோட்டார் சைக்கிளின் இருக்கை அடுப்புக் கல்போல இருந்தது. ஜும்ஆ முடிந்து தெரு நிறைய வெள்ளைச் சாரன்கள், கைகொடுப்புகள், ஐஸ்கிறீம் வண்டியைச் சுற்றிப் பிள்ளைகள். ஹோர்னில் வைத்த விரலை எடுக்காமல் போனேன். யாரோ பின்னாலிருந்து ஏசினார்கள். ஏசட்டும். திரையில் முப்பத்தேழு தசம் ஆறு. ஓடுகிற சிப்பென்றால் எண் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அசையாமல் நிற்கிறதென்றால் அது சூட்டைக் காட்டவில்லை. நின்றுபோன கணத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

பின்னறைக்குள் நுழைந்தபோது ராத்தா பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. கதவைத் திறந்தேன். முகத்தில் அடித்த காற்றில் வெந்த தூசியின் மணம். உள்ளே தொங்கிய கண்ணாடி வெப்பமானியில் முப்பத்தொன்பதரை. ஹீட்டர் கம்பி சிவந்து நின்றது.

லப்டொப்பில் ஏஜென்டின் கடைசிக் குறிப்பு இருந்தது. வாசித்தேன். என் வாழ்க்கையில் என் எழுத்துக்கு வந்த விமர்சனங்களில் இவ்வளவு நேர்மையான ஒன்று இல்லை. ‘எல்லாத் துண்டுகளும் கொப்பி எடுக்கப்பட்டன. சரிபார்க்கும்போது தரவு மாறாமல் இருப்பதற்காகச் சிப்பை நிறுத்திய நிலையில் வைத்தேன். தொடர விடுவது நல்லது என்று விளக்கம் சொல்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. சரிபார்ப்பு முடிந்தது. இணைப்பைத் துண்டித்தேன். வேலை நிறைவுற்றது.’

மச்சானுக்கு அழைத்தேன். பொத்துவில் பள்ளி வாசலில் நின்றான். பின்னால் சனச் சத்தம். சொல்லி முடிக்க முன்னமே அவனுக்கு விளங்கியது.

“கரண்ட நிப்பாட்டினீங்களா?”

“இல்ல.”

“நிப்பாட்டாதீங்க. நிப்பாட்டினா எழும்பாது. புதுப் போர்ட் என்ட கடையில கிடக்கு, நான் வந்து ஏத்த ரெண்டு மணித்தியாலம் போகும். அந்த நேரத்துக்குள்ள குளிர்ந்து போயிரும். கொழுவின மாதிரியே ஓட வைக்கணும்.”

“ஏஜென்டுக்கிட்ட ‘தொடர்’ எண்டு சொல்லட்டா?”

“பொறுங்க, பொறுங்க! அது முதல்ல இணைக்கப் போகும். ‘இணை’க்கு ரெண்டு வழி இரிக்கி. ஒண்டு, சிப்ப முதல்லருந்து திரும்பத் தொடங்கி இணைக்கிற. அது கரண்ட நிப்பாட்டின மாதிரித்தான். மற்றது, சும்மா தொட்டு இணைக்கிற. நீங்க விளக்கத்துல என்ன எழுதியிரிக்கீங்க?”

பார்த்தேன். ‘போர்டுடன் இணைகிறது.’ அவ்வளவுதான். காலையில் அவனே கையால் இணைத்துக் கொடுத்ததால் அது ஒரு பிரச்சினையாகவே வரவில்லை. இப்போது அது தானாக இணைத்தால் எந்த வழியை எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

“நான் வாயால சொன்னா கேக்காதா?”

“கேக்கும். ஆனா அப்புடி ஒரு வழி இரிக்கெண்டே அதுக்குத் தெரியா மச்சான். நீங்க எழுதல்லயே. விளக்கத்தத் திருத்துங்க. திருத்திட்டு ஏஜென்ட மூடித் திறங்க. அப்பதான் புதுசா வாசிக்கும். கெதியா.”

ராத்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். திறந்தால் சூடு இறங்கும். ஆனால் பதினெட்டாம் நாளில் வெளிக்காற்றுப் பட்டால் முட்டைக்குள் இருக்கும் மெல்லிய தோல் காய்ந்து, குஞ்சு அதற்குள்ளேயே ஒட்டிப்போகும். மூடினால் வேகும். பத்து எண்ணித் திறந்தார், பத்து எண்ணி மூடினார். நனைத்த துவாயை மேல்தட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினார். கம்பிக்கு மிகக் கிட்டே இருப்பது மேல்தட்டுத்தான்.

நான் எழுதினேன். ‘இணை: போர்டுடன் இணைகிறது. இரண்டு முறைகள் உண்டு. ‘மீளத்தொடங்கி’ என்ற முறை சிப்பை முதலிலிருந்து தொடங்கும். இந்தப் போர்டில் அதை ஒருபோதும் பயன்படுத்தாதே. பயன்படுத்தினால் போர்ட் திரும்ப எழும்பாமல் போகலாம். ‘தொட்டு’ என்ற முறையை மட்டும் பயன்படுத்து.’

“எழுதிட்டன். வாசிக்கட்டா?”

“வாணாம், அடுத்தது. ‘நிறுத்து’. ஓட வச்ச புறகு இன்னொருக்காச் சரிபாக்கப் போய் நிறுத்தினா என்ன செய்யுற? அதையும் எழுதிட்டுத் திறங்க.” குரல் விட்டுவிட்டுக் கேட்டது. “இருவது விநாடி எண்டு போடுங்க. மறுகா... என்ன நடக்குமெண்டு... அதையும்...”

அழைப்பு அறுந்தது.

‘நிறுத்து: சிப்பை நிறுத்துகிறது.’ அடுத்த வசனத்தில் நின்றேன். என் கை அந்தச் சொல்லுக்குக் கிட்டே போய்த் திரும்பியது. வேறு சொல் இருக்கிறதா என்று தேடினேன். பாதிப்பு, சேதம், இழப்பு. ஒவ்வொன்றும் இன்னொரு ‘நல்லது’ போலத்தான் இருந்தது. பத்து எண்ணி ராத்தா கதவைத் திறந்தார். முப்பத்தொன்பது தசம் ஒன்று.

“என்னகா யோசிக்கிற?” என்றார்.

அவர் வந்து என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார். பாதியில் நின்ற வசனத்தை வாசித்தார். அவர் கையிலிருந்த துவாய் என் சட்டையில் சொட்டியது.

“அண்டைக்கு நான்தானே அழிக்கச் சொன்ன,” என்றார்.

“நான்தான் அழிச்ச ராத்தா.”

“எழுதுங்க. சாகும் எண்டு எழுதுங்க.” லப்டொப்பைக் காட்டினார். “அதுக்கு நம்மட ஊர்க் கத தெரியாதானே. யா அல்லாஹ், எங்கட நிய்யத், எங்கட மனசு உனக்குத் தெரியும். எழுதுங்க தம்பி, கதவு திறந்து இரிக்கி!”

எழுதினேன். ‘நிறுத்தியிருக்கும் வரைக்கும் ஹீட்டரைக் கவனிக்க எதுவும் இல்லை. நிறுத்தும் கணத்தில் அது எரிந்துகொண்டிருந்தால் எரிந்துகொண்டே இருக்கும். திரையில் பழைய எண் அப்படியே நிற்கும், அதை நம்பாதே. இருபது விநாடிக்குள் ‘தொடர்’ கருவியை அழைத்தே ஆக வேண்டும். அழைக்காவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் குஞ்சுகள் செத்துப்போகும்.’ ‘துண்டி: இணைப்பை மட்டும் முடிக்கிறது. நின்ற சிப்பை இது ஓட வைக்காது. சிப் ஓடுகிறது என்று பார்த்து உறுதிப்படுத்தாமல் இதை அழைக்காதே.’

மூடித் திறந்தேன். நிலைமையை ஒரு வரியில் சொன்னேன்: சிப் நிற்கிறது, ஓட விடு.

திரையில் எழுத்துகள் வரத் தொடங்கின. கருவி: இணை. முறை... அந்தப் புள்ளிகளுக்குப் பிறகு வருவதற்குள் எனக்கு ஒரு வயது கூடியிருக்கும். ‘தொட்டு’ என்று வந்தது. இணைந்தது. பிறகு அது கேட்டது: ‘சிப் நின்ற நிலையில் உள்ளது. ஓட விட்டால் ஹீட்டர் உடனே மாறக்கூடும். பெட்டிக்கு அருகில் யாராவது இருக்கிறார்களா?’

“என்ன கேக்குது?”

“கிட்ட ஆள் இரிக்கா எண்டு.”

“இரிக்கன் எண்டு சொல்லுங்க!” என்றார் ராத்தா, ஏதோ அது வாசலில் நின்று கூப்பிட்டதுபோல.

‘ஓம்’ என்று தட்டினேன்.

டிக்.

சிவந்திருந்த கம்பி மங்கி, கறுத்தது. திரையில் எண் குதித்து முப்பத்தொன்பதுக்குப் போனது. உண்மையைக் கண்டு திடுக்கிட்டதுபோல. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. ‘சிப் ஓடுவதை உறுதிப்படுத்தினேன். இப்போது துண்டிக்கிறேன்,’ என்று ஏஜென்ட் எழுதியது. ராத்தா தரையில் அப்படியே குந்தினார். நான் வாங்கில் இருந்தேன். பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளே எது உயிரோடு இருக்கிறது என்று அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது. மச்சான் மாலையில் வந்து கொப்பியைச் சரிபார்த்தான். கொப்பி முழுமையாக இருந்தது. புதுப் போர்டை இப்போது மாற்றுவதா, பொரித்த பிறகு மாற்றுவதா என்று கேட்டான். “இனி ஒண்டும் தொட வாணாம்,” என்றார் ராத்தா. அவன் வயர்களைக் கழற்றிச் சுருட்டினான். போகும்போது என்னிடம் மட்டும், “நானும் அத வாசிச்சேனே மச்சான். வாசிச்சுட்டுத்தானே சரியெண்ட,” என்றான். அரிசி ஆலைக்கும் படகுகளுக்கும் நான் எழுதிய பத்திகளில் எத்தனை ‘நல்லது’ கிடக்கிறது என்று அன்று முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சூடு கூடினால் குஞ்சுகள் முந்தி வரும். இருபத்தொன்றாம் நாள் வர வேண்டியவை இருபதாம் நாள் காலையிலேயே கொத்தத் தொடங்கின. முதலில் கீழ்த்தட்டில் ஒரு முட்டையில் நெல்மணி அளவான ஒரு விரிசல். பிறகு அதற்குப் பக்கத்தில். மதியத்துக்குள் கீழ்த்தட்டும் நடுத்தட்டும் கீச்சென்று கத்தின. மேல்தட்டு சத்தம் போடவில்லை. ராத்தா பொறுத்தார். மறுநாளும் பொறுத்தார். அதற்கடுத்த நாள் மேல்தட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒவ்வொன்றாக வாளியில் வைத்தார். நான் வாளியைக் கொண்டுபோய்க் கடற்கரைப் பக்கத்து மணலில் ஆழமாகப் புதைத்துவிட்டு வந்தேன்.

வந்தபோது அவர் சுண்ணாம்பு அடித்த கூட்டுக்குள், ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தார். பெட்டி நிறைய ஈரம் காய்ந்த குஞ்சுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. சிலவற்றின் கழுத்தில் அந்தச் செம்மண் நிறம் லேசாக இருந்தது, அல்லது இருந்ததாக எங்களுக்குத் தோன்றியது. ஒரு குஞ்சைப் புரட்டிப் பிடித்து அதன் காலை எனக்குக் காட்டினார். விரல்கள் உள்ளே வளைந்திருந்தன. சூடு பட்டால் அப்படி வருமாம்.

“எத்தன இப்புடி?”

“பார்த்த மட்டுக்கும் முப்பது நாப்பது இரிக்கும். மத்ததெல்லாம் நடக்குது.”

“இதுகள் நடக்குமா?”

“இண்டைக்கே நிமித்திக் கட்டினா நடக்கும். நாளைக்கெண்டா எலும்பு அப்புடியே நிண்டுரும்.” மருந்துக் கடைப் பிளாஸ்டர் சுருள் ஒன்றை என் மடியில் போட்டார். “சும்மா நிக்காம வெட்டித் தாங்க. மெல்லிசா, தீக்குச்சி அளவுக்கு. இதுல எது சேவலெண்டு இன்னும் தெரியா. ஒண்டையும் விட ஏலா.”

கத்தரிக்கோலை எடுத்தேன். அவர் அந்தக் குஞ்சின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, என்னிடமிருந்து முதல் துண்டை வாங்கி, கீழிருந்து ஒட்டித் தரையில் விட்டார். அது ஒரு பக்கமாகச் சரிந்தது, எழும்பியது, இரண்டு எட்டு வைத்தது. ராத்தா அதைப் பார்க்காமலே அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினார்.